நீங்கள் அனுப்பிய மேசோடு

சேசு மரி சூசை துணை

வில்லியனூர்,
12 பிப்ரவரி 1958

அன்புள்ள அம்மாவுக்கு, மகள் மதலேன் தோத்திரம் சொல்லி எழுதுவது.

நான் சுகம். அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறார். போன மாதம் நான் எழுதியது தப்பு அம்மா. அதை நம்பித்தானே ஊருக்கு வரக் கப்பலில் கேட்டிருந்த இடத்தை வேண்டாம் என்றீர்கள்?

பஞ்சாலைத் தூசியால் கெட்ட நுரையீரலுக்கு டாக்டர் சொன்ன பயிற்சிகளை அப்பா ஒருநாளும் விட்டதில்லை. காலையில் விளக்கின் முன் உதட்டைக் குவித்து ஊதுவார். சுடர் சாயவேண்டும், அணையக்கூடாது. பிறகு மாதா குளம்வரை நடை. சனிக்கிழமைதோறும் கௌஸ் பாஷா பாய் நெல் மண்டித் தராசில் ஏறுவார். நான் நோட்டில் குறிப்பேன். ஒரே மாதத்தில் ஐந்து கிலோ கூடியது. "இன்னா சூசை, பொஞ்சாதி ஊர்ல இல்லன்னா இப்டி பெருத்துகினே போறியே!" என்று பாய் சிரித்தார். அப்பா தேறிவிட்டார் என்று அன்றே உங்களுக்கு எழுதினேன்.

அது சதை இல்லையாம். நீராம்.

நீங்கள் பிரான்சிலிருந்து அனுப்பிய கம்பளி மேசோட்டை அப்பா காலைவிட்டுக் கழற்றுவதே இல்லை. வெயிலில் எதற்கப்பா என்றால், "உங்கம்மா அனுப்பனதுடி, உனுக்கு இன்னா?" என்பார். ஆசையால் என்று நினைத்தேன். திங்கட்கிழமை குளத்துக்குப் போகும் வழியில் மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டார். உதடு நீலமாகியிருந்தது. மேசோட்டை உருவினேன். அதன் பின்னல் அப்படியே காலில் பதிந்திருந்தது. விரலால் அழுத்தினேன், பத்து எண்ணியும் குழி நிரம்பவில்லை.

கால் வீங்குவது அவருக்கு முன்பே தெரியுமாம். காட்டினால் நடையை நிறுத்திவிடுவார்கள், ஆலை வேலைக்குத் திரும்ப முடியாது, நீங்கள் துரைசானி வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு அங்கேயே இருக்க வேண்டியதுதான் என்று மறைத்திருக்கிறார்.

கெட்ட நுரையீரலுக்கும் சேர்த்து உழைத்து இதயம் களைத்துவிட்டது என்கிறார் டாக்டர். ஊசி போட்டு நீரை இறக்குகிறார்கள். உப்பு கூடாது, கருவாடு கண்ணிலேயே படக்கூடாது. இனி எடை குறைந்தால்தான் நல்லதாம். நேற்று ஒரு கிலோ குறைந்தது. கால் வடிந்த பிறகு, நாடி பார்த்துக்கொண்டே, பத்து அடியிலிருந்து நடக்கத் தொடங்கலாமாம். "மறுபடி மொதல்லேர்ந்தா?" என்று அப்பா கோபித்துக்கொண்டார். அதைக் கேட்ட பிறகுதான் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

"அவளுக்கு எழுதாதடி, போட்டது போட்டபடி ஓடியாந்துடுவா" என்று என்னிடம் சத்தியம் கேட்டார். நான் கொடுக்கவில்லை.

உங்களுக்குக் கடிதம் எழுதப்போகிறேன் என்று டாக்டரிடம் சொன்னேன். "தந்தி குடும்மா" என்றார்.

கொடுத்துவிட்டேன். இதற்கு முன்பே வந்திருக்கும். மாதா உங்களைச் சீக்கிரம் கரைசேர்க்கட்டும். வரும்போது மேசோடு வேண்டாம் அம்மா. நீங்கள் மட்டும் வாருங்கள்.

உங்கள் மகள்,
மதலேன்