இருண்ட திரையும் அப்பாவின் டார்ச்சும்

அன்புள்ள குட்டிம்மாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், அப்பாவின் காது மட்டும் வழக்கம்போல் விடுமுறையில் இருக்கிறது. நீ நலமா என்று இந்த முறை ஒப்புக்குக் கேட்கவில்லை, ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நீ விட்டுப்போன பழைய மானிட்டர் அன்றைக்கு நீ வீடியோவில் கூப்பிட்ட நேரம் பார்த்து இருண்டதே, தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கும்மா என்றாய், விடுவேனா நான்? போட்டதும் ஒரு நொடி வெளிச்சம் வந்து அணைகிறது, டார்ச் அடித்தால் உள்ளே படம் மங்கலாக ஓடுகிறது, அப்படியென்றால் திரை சாகவில்லை, பின்னால் எரிகிற விளக்குக்குத்தான் கரண்ட் ஒழுங்காகப் போகவில்லை. டிவி கம்பெனியில் போர்டுக்கு ஈயம் வைத்த கை சும்மா இருக்குமா? பிளக்கைப் பிடுங்கி நன்றாக ஆறவிட்டு (உள்ளே தேங்கிய கரண்ட் ஆளைத் தூக்கிப்போடும், நீ இதிலெல்லாம் கை வைக்காதே), பழைய கார்டால் சட்டத்தை நெம்பித் திறந்தால், விளக்குக்குக் கரண்ட் கொடுக்கிற போர்டில் கரண்டைத் தேக்குகிற கெப்பாசிட்டர்கள் கெட்டுப்போய்த் தலை உப்பி நிற்கின்றன. அதே அளவில் வாங்கி வந்து மாற்றினேன், போட்டால் மறுபடி இருட்டு, எனக்கு வந்ததே கோபம்! எல்லாவற்றையும் திரும்பக் கழற்றினால் விளக்கின் ஒயரே சொருகவில்லை. சொருகுங்க என்று அப்பாவிடம் முதுகைக் காட்டிக்கொண்டு சொல்லியிருக்கிறேன், வாயைப் பார்த்தால்தானே அவருக்குக் கேட்கும், என்னைச் சொல்லணும். அவரோ, நீயே சொருகிட்டேன்னு நினைச்சேன் என்கிறார் சாவகாசமாக. சொருகினேன், பளிச்சென்று எரிந்தது, சாயங்காலம் வரை அணையவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன், போனில் கேட்டால் மழுப்புவாய் என்றுதான் எழுதுகிறேன். திரை இருட்டு, நாங்கள் உன்னைப் பார்க்கவில்லை என்று நினைத்துத்தானே அன்றைக்குப் பேசினாய்? அப்பா கையில் டார்ச்சைப் பார்த்து மானிட்டரை நோண்டுகிறோம் என்று நினைத்திருப்பாய். அவர் வெளிச்சத்தை உன் வாய்மேல் வைத்து நீ பேசுவதைப் படித்துக்கொண்டிருந்தார். நல்லா இருக்கேம்மா என்று சொன்னது எனக்கும் கேட்டது. அவர் டார்ச்சைக் கொஞ்சம் மேலே நகர்த்தினார், உன் கன்னமெல்லாம் ஈரம். நீ போனை வைத்ததும் அப்பா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, எப்படியாவது இதை எரிய வைடி என்றார்.

வேலையோ உடம்போ மனுஷங்களோ, எதுவானாலும் சொல், திட்ட மாட்டேன். வந்துவிடத் தோன்றினால் வந்துவிடு, உன் அறை அப்படியே இருக்கிறது. வேளைக்குச் சாப்பிடு. எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் ஆசி. அடுத்த முறை கூப்பிடும்போது வெளிச்சம் முகத்தில் விழும்படி உட்கார், அழுகை வந்தால் எங்கள் எதிரிலேயே அழு.

உன் பிடிவாதக்கார அம்மா

மறந்துவிட்டேனே, மானிட்டர் சரியான பிறகும் அப்பா டார்ச்சை மேஜையை விட்டு எடுக்க மாட்டேன் என்கிறார்.