பாட்டு நிண்ட இடத்துல அப்ராஸ்

ஜனவரி 12, திங்கள்

விடியலிலிருந்து தூறல். உடுப்பு ஒண்டும் காயல்ல. சாய்ந்தமருதுக் கல்யாண அல்பம் நேத்தே குடுத்திருக்கணும், இன்னும் முடியல்ல. வீட்டுக்காரர்ட முகம் ஒரு மாதிரி.

கொழும்பு பஸ்ல தம்பி அப்ராஸ்ட பார்சல் வந்திச்சு. எங்கட ஸ்டூடியோட பழைய கெமரா, ஒரு ஹார்ட் டிஸ்க். கெமரா மூடியக் காணல்ல. பைக்குள்ள சொக்கலேட் தாள், ரயில் டிக்கட், ஒத்தச் சொக்ஸ். ஒரே ஈரச் சப்பாத்து மணம்.

போன் எடுத்தான். "ராத்தா, எங்கட பேண்ட் டூர் முழுக்க அதுல இரிக்கு. கொழும்புல ஒருத்தர் வெட்டித் தாறன் எண்டு நிக்கார். நான் சொல்லிட்டன், எங்கட ராத்தா செய்வா எண்டு."

"நான் கல்யாண வீடியோ வெட்டுறவள்டா."

"அதாலதான். எங்கள ஹீரோ மாதிரிக் காட்டுறதுக்கு வேற ஆக்கள் இரிக்காங்க. மனிசர் மாதிரிக் காட்ட ஆளில்ல."

மாசக் கடைசிக்குள்ள வேணுமாம். ஓம் எண்டுட்டன்.

ஜனவரி 14, புதன்

மழ இல்ல. கறண்ட் ரெண்டு தரம் போச்சு.

ஹெவி மெட்டல். எழுதவே சிரிப்பு வருது. கல்முனையில பிறந்தவன் அதுல ட்ரம்ஸ் அடிக்கிறான், ஜப்பான்ல தொடங்கி போர்த்துக்கல் மட்டுக்கும் போயிட்டு வந்திருக்கான். பேண்ட்ல நாலு பேர். பாடுறது நுவன், குருநாகல் பொடியன். கிட்டார் ரெண்டு பேரும் கொழும்பு. அப்ராஸ் பின்னால, ட்ரம்ஸுக்குள்ள மறஞ்சு. கெமராவக் கூடுதலாக் கையில புடிச்சதும் அவன்தான், மேடையில ஸ்டாண்ட்ல குத்தி வெச்சதும் அவன்தான்.

இண்டைக்குப் பாத்தது:
ஒசாக்கா. எங்கட வீட்டு ஹோல விடச் சின்ன இடம். அப்ராஸ் ட்ரம்ஸ் தூக்கிப் படி ஏறுறான்.
ஹம்பர்க். வேன் நிண்டுட்டு. கெமராவ ரோட்டுல வெச்சிட்டு நாலு பேரும் தள்ளுறாங்க. நுவன் விழுந்து எழும்புறான்.
ஒரு ஊர், பேர் தெரியா. ஸ்னோ. அப்ராஸ் வெறுங்கையால ஆணி முறுக்குறான்.

உம்மா கதவடியில நிண்டு பாத்தா. நுவன் பாடுற இடம் வந்திச்சு.

"இந்தப் புள்ள ஏன் மகள், இப்புடிக் கத்துது? ஆரும் அடிச்சவங்களா?"

"அதுதான் உம்மா பாட்டு."

"தொண்ட புண்ணாகுமே."

போயிட்டா. கேக்கிறவங்களுக்கு உம்மா சொல்றது, மகன் மியூசிக் கம்பனில வேல எண்டு.

ஜனவரி 17, சனி

நல்ல வெயில். அல்பம் குடுத்தாச்சு. மணமகள்ட உம்மாக்கு அவட படம் குறைவாம்.

இண்டைக்கு ஒரு துண்டு. பெற்றோல் ஷெட், ரெண்டு லொறிக்கு நடுவுல காட்போட் விரிச்சு அப்ராஸ் தொழுறான். எடுத்தது நுவன், அவன்ட மூச்சுச் சத்தம் கேக்குது. லொறிக்காரன் ஒருத்தன் ஹோன் அடிக்கப் போக, நுவன் கெமராவோட ஓடிக் கையக் காட்டி நிப்பாட்டுறான். படம் தலகீழாகுது, ஒரே தார் ரோட்டு.

உம்மாவக் கூப்பிட்டுக் காட்டினன். கதிரையில இருந்திட்டா.

"இன்னொருக்காப் போடு."

போட்டன்.

"கிப்லாத் திசை சரியாப் பாத்தானா?"

"போன்ல பாப்பான்."

"அந்தக் கத்துற புள்ளையா எடுத்தது?"

"ஓம்."

கதிரைய இன்னும் கிட்ட இழுத்தா. பிறகு, "நல்ல புள்ள" எண்டா.

பின்னேரம் மீன் வாங்கப் போகல்ல. முட்டதான். இவர் ஒண்டும் சொல்லல்ல, இவரும் பக்கத்துல இருந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தார்.

ஜனவரி 21, புதன்

மப்பு வானம். கடல் இரைச்சல் வீடு மட்டுக்கும் கேக்குது.

போலந்து. கிராக்கோ. இதப் பாத்துட்டு எழும்பி முற்றத்துக்குப் போயிட்டன். பிறகு வந்து திரும்பப் பாத்தன்.

வேனுக்குள்ள கெமரா ஸீட்ல கிடக்கு, ஆரும் நிப்பாட்டல்ல. நுவன் போன்ல. சிங்களம். எனக்கு விளங்கிற சிங்களம் கொஞ்சம், ஆனா இது விளங்கிச்சு. அவன்ட அம்மா மௌத்தாப் போயிட்டா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போற வழியில. ஸ்னோவால விமானம் ஒண்டும் எழும்பல்ல, சவம் எடுக்கிறதுக்கு முதல் போய்ச் சேர ஏலா. அவன்ட அண்ணன் போலிருக்கு போனுக்கு அங்காலப் பக்கம், ஒரே விசயத்தச் சொல்லிக்கிட்டே இருக்கார்.

கிட்டார்காரர் ரெண்டு பேரும் வெளிய இறங்கிட்டாங்க. அப்ராஸ் மட்டும் பக்கத்துல. நுவன்ட சப்பாத்துக் கயிறு அவுந்து கிடந்திச்சு, குனிஞ்சு கட்டி விடுறான். கன நேரம் அப்புடியே.

பிறகு நுவன் கேக்கிறான், "நான் என்ன செய்யிற?"

அப்ராஸ் சொல்றான், "நீ பாடினா நான் அடிப்பன். பாடல்லண்டா எல்லாரும் போய்ப் படுப்பம்."

நுவன் எழும்பிட்டான்.

அண்டு ராவு மேடை. கெமரா ட்ரம்ஸுக்குப் பின்னால. அப்ராஸ்ட முதுகும் காலும், அங்கால நுவன்ட அரைவாசி முகம். மூண்டாவது பாட்டுல நடுவுல நுவன் நிண்டுட்டான். மைக் கையில, வாய் திறந்தபடி, சத்தமில்ல. கிட்டாரும் நிண்டுட்டு. அப்ராஸ் நிப்பாட்டல்ல. மற்றதெல்லாத்தையும் விட்டுட்டு, காலால அடிக்கிற பெரிய ட்ரம் மட்டும். டும். டும். கெதியுமில்ல, சுணக்கமுமில்ல. தலைய நுவன்ட பக்கம் திருப்பினபடி. அவ்வளவு நேரமும் அவன்ட கால் ஒருக்காலும் பிசகல்ல. நுவன் திரும்பிப் பாத்தான். பாத்துட்டு, விட்ட சொல்லுல இருந்து புடிச்சான்.

எங்கட அப்ராஸ். பள்ளிக்கூடத்துல மேசையில தட்டி அடி வாங்கினவன். இப்புடி ஒரு ஆளா அவன் வளந்தது எனக்குத் தெரியவே தெரியா.

ஜனவரி 22, வியாழன்

அப்ராஸுக்கு எடுத்தன். கிராக்கோ பாத்தன் எண்டன்.

"அதுவும் அதுல இரிக்கா?" எண்டான். குரல் மாறிட்டு. "அத எடுத்துடுங்க ராத்தா."

"ஏன்டா?"

"அது நுவன்ட விசயம்."

"அப்ப அவன்டயே கேப்பம்."

"கேக்க வேணாம். எடுத்துடுங்க."

இப்புடி அவன் என்னோட கதைக்கிறதில்ல. தலையிடி. ரெண்டு பனடோல்.

ஜனவரி 25, ஞாயிறு

நல்ல வெயில். வயல் பக்கம் வெட்டு மிசின் இறங்கிட்டு, நற்பிட்டிமுனை ரோட்டெல்லாம் வைக்கோல்.

படம் முடிஞ்சிட்டு. கிராக்கோ இல்லாம ஒருக்கா வெட்டிப் பாத்தன். நாலு பொடியனுகள் ஊர் சுத்தின படம், அவ்வளவுதான். திரும்பப் போட்டன். அந்த ட்ரம் அடிக்கிற இடத்துல ஒரு கட் கூட இல்ல. கல்யாணத்துல பெண் அழைக்கிற நேரம் அழுகையக் குறைக்கச் சொல்லுவாங்க. குறைச்சிருக்கன். இதக் குறைக்கல்ல.

அப்ராஸுக்கு மெசேஜ்: "நுவன் பாக்காம ஒருத்தருக்கும் குடுக்க மாட்டன். அவன் வேணாம் எண்டா எடுக்கிறன்."

பதில் அசர் தொழுத பிறகு: "சனிக்கிழம கூட்டி வாறன்."

ஜனவரி 31, சனி

காத்து. உம்மா சுபஹ் தொழுத கையோட குசினில. கோழி, கத்தரிக்கா, தயிர். கத்துற புள்ளைக்குத் தொண்டைக்கு இஞ்சிப் பிளேன்டீ.

நுவன் மெலிஞ்ச ஆள். நேர கதைச்சா சத்தமே வெளிய வராது. உம்மாக்குக் கும்பிட்டு "அம்மா" எண்டான். உம்மா ஈரக் கையத் துடைச்சிட்டு, "வாங்க மகன்" எண்டா.

சாப்பாட்டுக்கு முதலே பாக்கணுமாம். நான், அப்ராஸ், நுவன். உம்மா கதவடியில. அப்ராஸ் திரையப் பாக்கல்ல, நிலத்தப் பாத்துக்கிட்டு இருந்தான்.

வேன் வந்திச்சு. நுவன் அசையல்ல. மேடை வந்திச்சு. பாட்டு நிண்டிச்சு. நுவன் முன்னால குனிஞ்சான்.

முடிஞ்ச பிறகு சிங்களத்துல அப்ராஸிட்டக் கேட்டான். "நான் நிண்டனா?"

அப்ராஸ் நிலத்துல கிடந்த வயரச் சுத்தத் தொடங்கினான்.

"எனக்கு முழுக்கப் பாடின ஞாபகம். நீங்க எல்லாரும் நல்லாப் பாடினாய் எண்டுதானே சொன்னீங்க."

"நல்லாத்தான் பாடினாய். நடுவுல கொஞ்சம் நிண்டாய்."

அப்பதான் எனக்கு விளங்கிச்சு, அப்ராஸ் ஏன் எடுக்கச் சொன்னான் எண்டு. இவ்வளவு நாளும் பேண்ட்ல மற்ற மூண்டு பேரும் சேந்து அத நுவனுக்குத் தெரியாமப் பாத்துக்கிட்டாங்க. நான்தான் காட்டிக் குடுத்துட்டன்.

"தம்பி, இத எடுத்துடுறன்" எண்டன்.

நுவன் கையக் காட்டி வேணாம் எண்டான். "அக்கா, திரும்ப."

திரும்பப் போட்டன். இந்த முற நுவன் தன்னப் பாக்கல்ல. அப்ராஸ்ட காலையே பாத்தான். டும். டும். கண்ணால தண்ணி ஓடிச்சு, துடைக்கல்ல. முடிஞ்சதும் அப்ராஸ்ட கழுத்தப் புடிச்சு இழுத்து நெத்தியோட நெத்தி வெச்சான். என்னமோ சொன்னான், எனக்குக் கேக்கல்ல.

எனக்குத் தமிழ்ல சொன்னான், "இருக்கட்டும் அக்கா. முழுக்க."

உம்மா உள்ளுக்கு வந்து, "சோறு ஆறுது" எண்டா. நுவன்ட சோத்துக் கோப்பையில கோழிக் காலிரண்டும். அப்ராஸுக்குக் கழுத்து.

பெப்ரவரி 14, சனி

கொழும்பு. புழுக்கம். பஸ்ல வந்து இடுப்பு விட்டுட்டு. உம்மா வர மாட்டன் எண்டுட்டு கடைசில புது அபாயாவோட முன்னுக்கு நிண்டா.

எங்கட படம் போடுற சின்னத் தியேட்டர், நிறைஞ்சு. கறுப்பு டீசேர்ட் பொடியனுகள், தலமயிர் எல்லாம் இடுப்பு மட்டுக்கும். உம்மாக்கு ஸீட் விட்டு எழும்பின பொடியன்ட கை முழுக்கப் பச்ச குத்தியிருந்திச்சு. நுவன்ட அண்ணனும் வந்திருந்தார். எங்களப் பாத்துத் தலையசைச்சார்.

ஹம்பர்க் வேனுக்குச் சிரிச்சாங்க. நான் நினச்ச இடத்துலயே சிரிச்சாங்க. கிராக்கோ வந்திச்சு. ஒரு சத்தமில்ல. அப்ராஸ்ட ட்ரம் மட்டும். பின் வரிசையில ஆரோ காலால நிலத்துல தட்டத் தொடங்கினாங்க. பிறகு ரெண்டு பேர். பிறகு தியேட்டர் முழுக்க, அவன்ட அடியோட அடியா. நிலம் அதிருது. நுவன் திரையில திரும்பிப் பாத்துப் பாட்டப் புடிச்ச நேரம் எல்லாரும் எழும்பிட்டாங்க. நான் எழும்பல்ல. உம்மாட கையப் புடிச்சுக்கிட்டு இருந்தன்.

கடைசில பேருகள் ஓடுது. உம்மா பக்கத்துல இருந்த சிங்கள மனிசிட முழங்கையத் தொட்டு, தமிழ்ல சொல்றா:

"அடிச்சது என்ட மகன். வெட்டினது என்ட மகள்."

மனிசிக்கு விளங்கல்ல போல, சிரிச்சா. உம்மா திரும்பவும் சொன்னா, கொஞ்சம் சத்தமா.