நாலடி குறைந்த பூங்கா

ஜூன் 2, 2025, திங்கள்
காலனிப் பூங்காவுக்கு இருபத்தைந்து வயதாகிறது. விழா மலருக்கு அதன் வரலாற்றை நான்தான் எழுத வேண்டுமாம். சங்கத் தலைவர் ஜாபர் தன் ஹார்டுவேர் கடையை அப்படியே விட்டுவிட்டுத் தானே பழைய ஃபைலைக் கொண்டுவந்து தந்தார். "உங்கள விட்டா யாரு டீச்சர் இருக்காங்க?" பெருமையாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்.

ஜூன் 5, வியாழன்
மனை வரைபடத்தில் பூங்காவின் அகலம் எண்பது அடி. சரிபார்த்துவிடலாமே என்று டேப்பின் ஒரு முனையை என் வீட்டுக்காரர் சம்பத்திடம் கொடுத்தேன். எழுபத்தாறுதான் வந்தது. மறுபடி அளந்தோம். எழுபத்தாறேதான். மீதி நாலடி பூங்காவை ஒட்டிய எங்கள் காம்பவுண்டுக்குள் இருக்கிறது.

சுவர் எழுப்பிய அன்று, "இன்னும் கொஞ்சம் தள்ளிக் கட்டுங்க, மல்லிகைக்கு இடம் வேணும்" என்று கொத்தனாரிடம் சொன்னவள் நான். அப்போது அங்கே வெறும் முள்காடு.

"நாலடிதானே, விடு. யாரு டேப்ப வச்சு அளக்கப்போறாங்க?" என்கிறார் இவர். நாம் அளந்துவிட்டோமே.

ஜூன் 6, வெள்ளி
அதே ஃபைலில் 2012-இல் நகராட்சிக்குக் கொடுத்த மனுவின் நகல். என் கையெழுத்து. "பூங்கா நிலத்தில் ஓர் அடியைக்கூட ஆக்கிரமிப்புக்கு விடலாகாது." பூங்கா மூலையில் நின்ற தனக்கோடியின் இஸ்திரி வண்டியை எடுக்கச் சொல்லி எழுதியது. ஒரே வாரத்தில் எடுத்துவிட்டார்கள். பிறகு அவள் வீடு வீடாக வந்து துணி வாங்கி, மூட்டை கட்டித் தூக்கிப் போனாள். நானும் அவளிடம் துணி போட்டேன். ச்சீ. என்ன மனுஷி நான்?

ஜூன் 9, திங்கள்
கடைக்குப் போய் ஜாபரிடம் சொன்னேன். அவர் கல்லாவிலிருந்து எழுந்துகூட நிற்கவில்லை. "தெரியும் டீச்சர். சிமெண்ட்டு நம்ம கடைலேர்ந்துதானே போச்சு. பார்க்குக்காக அவ்ளோ அலைஞ்சீங்க, அதான் யாரும் பேசல."

யாருமா? அப்படியானால் எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் அந்த மனுவைக் கூட்டத்தில் நான் வாசித்தபோது கைதட்டினார்கள். முப்பது வருஷம் பிள்ளைகளின் தப்பைச் சிவப்பு மையில் வட்டமிட்டவள். என் தப்பு மட்டும் கண்ணில் படவில்லை.

ஜூன் 15, ஞாயிறு
தனக்கோடி இப்போது பக்கத்து இரும்புலியூரில் வண்டி போட்டிருக்கிறாள். போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"லெட்டரு நீங்க எய்தினதுன்னு அப்பவே தெரியும் டீச்சர். ஆபீசர் படிச்சிக் காட்டினாரு. கையெய்த்து முத்து முத்தா கீதுன்னாரு."

"தெரிஞ்சுமா என் புடவையத் தேச்சே?"

"பொடவ இன்னா பண்ணுச்சு?"

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று நினைவில்லை.

ஜூன் 28, சனி
வரலாற்றில் நாலடியையும் எழுதினேன், மனுவையும் எழுதினேன். கமிட்டியில் அந்தப் பத்தியை எடுத்துவிடலாம் என்றார்கள். அப்படியானால் முழுக் கட்டுரையையும் எடுத்துவிடுங்கள் என்றேன். "அப்டியே போடுவோம்" என்றார் ஜாபர். வீட்டில் இவர் இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. இன்று காலை கொத்தனாருக்கு அவரே போன் செய்தார்.

ஜூலை 20, ஞாயிறு
சுவர் உள்ளே வந்துவிட்டது. மல்லிகை போயிற்று.

புடவைகளை எடுத்துக்கொண்டு தனக்கோடியிடம் போனேன். பழைய மூலையில் வண்டி போட்டுக்கொள்ளச் சங்கம் ஒப்புக்கொண்டதைச் சொன்னேன். "இங்கியே கஸ்டமர் செட்டாயிட்டாங்க டீச்சர்" என்றாள், கோபமே இல்லாமல். தேய்த்து முடித்ததும், "வூட்டுக்குக் கொண்டாரட்டா?" என்று கேட்டாள். வேண்டாம் என்று நானே தூக்கிக்கொண்டு நடந்தேன்.

வழியில் இரண்டு இடத்தில் மூட்டையை இறக்கி வைக்க வேண்டியிருந்தது. அதில் இருந்தது ஆறே புடவை.