கடைசி வரியில் குப்பாயி

அன்புள்ள கண்ணு கீர்த்தனாவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சுகம், மழை விடாததால் துவைத்த துணிக்குத்தான் சுகமில்லை. எடின்பரோ குளிரில் நீ வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன், நம்பாமல் என்ன செய்வது. அப்பாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது, ஆனாலும் நாகலூருக்கு ஜீப் ஓட்டுவதை விடமாட்டேன் என்கிறார், நீ சொன்னால் கேட்பார். இதோடு ஒரு நோட்டீஸ் வைத்திருக்கிறேன். போனில் அனுப்பினால் பெரிதாக்கிப் பார்த்து நான் செய்த வேலையை நொடியில் பிடித்துவிடுவாய், தாளில் பிடி பார்க்கலாம்.

இது கொட்டச்சேட்டுக்கு மேலே இருக்கும் ஊரின் ஆடித் திருவிழா நோட்டீஸ். ஒண்டிக்கடையில் இருக்கும் நம் அச்சுக்கடையில்தான் வருஷாவருஷம் போடுகிறார்கள். அந்த ஊர் வழக்கம் உனக்குத் தெரியாது. ஒரே தாளில் எல்லா ஊட்டுப் பெயரும் ஒரே அளவு எழுத்தில் இருக்க வேண்டும். திருவிழாவன்று பூசாரி அதைப் பார்த்துத்தான் பெயர் வாசிப்பார், வாசித்த ஊட்டார்தான் மாவிளக்கோடு முன்னே வரலாம். அந்த ஊரில் சித்தன் என்பவர் இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. மகன் இல்லாத வீடு என்று அடுத்த வருஷமே பெயரை விட்டுவிட்டார்கள். அவர் மனைவி குப்பாயி மட்டும் கோயில் பொங்கலுக்கு ஒரு படி சாமை கொடுக்கத் தவறியதில்லை, எல்லோரும் போன பிறகு தனியாக விளக்கு வைத்துவிட்டுப் போவாள். இந்த வருஷம் மழையில் நனைந்துகொண்டு கடைக்கே வந்து, ஏனுங்க அம்மிணி, எம்பேர ஒரு ஓரத்துல போட முடியுங்களா, பொடி எழுத்தா இருந்தாலுஞ் சரிங்க என்றாள். திருவிழாவை நடத்தும் பெருமாளுக்குப் போன் போட்டேன். எடம் இருந்தா தாராளமாப் போடுங்க, ஆனா ஒருத்தரு எழுத்தும் சின்னதாகப்படாது, ரெண்டாவது தாளும் ஆவாதுங்க என்றார். தாள் விளிம்புவரை நிறைந்திருப்பதைப் பார்த்துவிட்டுப் போனவர்தான் அவர், போகாத ஊருக்கு வழி சொன்னார்.

மத்தியானம் முழுக்க அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முப்பத்தெட்டு ஊடு. அதில் ‘ஓய்வு பெற்ற எஸ்டேட் ரைட்டர் பெரியண்ணன் குடும்பத்தார்’ என்பது மட்டும் ஒரு வரியில் அடங்காமல், ‘குடும்பத்தார்’ கீழே இறங்கி ஒரு முழு வரியைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதை மேலே ஏற்றினால் குப்பாயிக்கு இடம் கிடைக்கும். பொங்கலுக்கு வந்தபோது நீ சொன்னாயே, எழுத்தைச் சின்னதாக்காதேம்மா, எழுத்துக்கு நடுவே இருக்கும் இடைவெளியைக் குறை என்று, அன்று நான் பாதி காதில்தான் வாங்கினேன். அந்தப் பாதியை வைத்துக்கொண்டு அவசரத்தில் பெரியண்ணன் வரியை மட்டும் நெருக்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை சேலம் பஸ் மாதிரி ஒரு எழுத்தின் கால் இன்னொன்றின் மேல் ஏறி நின்றது. அந்த மனுஷன் பார்த்தால் பஞ்சாயத்தே கூட்டியிருப்பார். அப்புறம்தான் மீதிப் பாதி நினைவுக்கு வந்தது. ஒரு வரியை மட்டும் நெருக்கினால் கண்ணை உறுத்தும், எல்லா வரியிலும் துளித்துளியாக எடு, சொல்லுக்குச் சொல் இருக்கும் இடத்திலும் கொஞ்சம் எடு என்றாய். அப்படியே செய்தேன். ‘குடும்பத்தார்’ மேலே ஏறியது, அடியில் ஒரு வரி காலியானது. பெருமாள் வந்து போன வருஷ நோட்டீசை மேலே வைத்து எழுத்தின் உயரத்தை ஒப்பிட்டுப் பார்த்தார், திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார், அச்சுக்கு உட்ருங்க என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

பேங்க் பரீட்சையை விட்டுவிட்டு நீ எழுத்து வடிவமைக்கும் இந்த வேலைக்குப் போனபோது, எழுத்தை நகர்த்துவதும் ஒரு பிழைப்பா என்று கேட்டேன். அது தப்பு கண்ணு, மனதில் வைத்துக்கொள்ளாதே. நீ சொல்லித் தராமல் இருந்திருந்தால் இடமில்லை என்று அவளை நானே திருப்பி அனுப்பியிருப்பேன். அதை நினைத்தால் இப்போதும் பதறுகிறது. உனக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை நானும் அப்பாவும் திருவிழாவுக்குப் போனோம். பூசாரி வாசித்துக்கொண்டே வந்து கடைசியில் குப்பாயி சித்தன் குடும்பத்தார் என்றார். யாரும் வரவில்லை. அவள் பின்னால் சுவரோரம் திரி நனையாமல் தட்டை மறைத்துக்கொண்டு, கூட்டம் எப்போது கலையும் என்று காத்திருந்தாள், தன் பெயர் அச்சேறியது அவளுக்குத் தெரியாது, பெயர் வாசிப்பதில் காதே இல்லை. பெருமாளே அவளிடம் போய், உன்னத்தாங் கூப்படறாங்க குப்பாயி, வெளக்க எடுத்துக்கிட்டு வா என்றார். அவள் முன்னே போய் விளக்கை வைத்தாள். நான் அழுதுவிட்டேன், அப்பா பார்க்காத மாதிரி நின்றார்.

நோட்டீசில் இடம் பண்ணியது என் மகள் சொன்ன யோசனை என்று அவளிடம் சொன்னேன். உடனே தினைமாவில் ஒரு உருண்டை எடுத்து, இது உங்க புள்ளைக்குங்க, அந்தச் சாமிக்கு, அனுப்பி வைங்க என்றாள். தபாலில் போவதற்குள் கெட்டுவிடும் என்றேன். அப்பிடின்னா அவ பங்கையும் நீங்களே தின்னுருங்க, எம்முன்னாலயே தின்னுங்க என்று நின்றுகொண்டாள். தின்றேன்.

தீர்க்காயுசாக, ஒரு குறையும் இல்லாமல் இரு. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்க மறக்காதே, அங்கே நல்லெண்ணெய் கிடைக்கவில்லை என்ற சாக்கு வேண்டாம்.

இப்படிக்கு,
உன் பங்கையும் சேர்த்துத் தின்ற அம்மா,
மேனகா