கன்னத்துத் திட்டும் குப்பையில் போட்ட க்ரீமும்

அம்மு,

பாப்பாவுக்குக் கஞ்சி ஆற வைத்திருக்கிறேன். பார்லரில் வாங்கிய க்ரீமைக் குப்பையில் போட்டதற்கு என்னைத் திட்டிக்கொள். அது பட்ட இடமெல்லாம் உனக்குத் தோல் உரிகிறதே, எப்படிச் சும்மா இருப்பேன்? பிரசவத்துக்குப் பிறகு கன்னத்தில் வந்த கருந்திட்டு மெதுவாகத்தான் மங்கும் என்று டாக்டரே சொன்னார். வெயிலில் இறங்குமுன் சன்ஸ்க்ரீன் மறக்காதே.

“இந்த மூஞ்சியோட உங்க தங்கச்சி கல்யாணத்துக்கு எப்படி வர்றது?” என்று ராத்திரி அழுதாய். அவளிடம் இப்போதுதான் பேசினேன். “அண்ணி பக்கத்துல நிக்காம நான் ஒரு போட்டோகூட எடுத்துக்க மாட்டேன், சொல்லிடுங்க” என்கிறாள்.

பி.கு.: என் வீட்டுச் சாவியை வேண்டுமென்றே இங்கேயே வைத்துவிட்டுப் போகிறேன். சாயங்காலம் நீயே வந்து கதவைத் திற. உன் முகத்தைப் பார்த்தால்தான் எனக்கு அலுப்புத் தீரும்.