சோப்புத் தண்ணீரில் போன மோட்டார்

சாய்நாத்,

குக்கரில் சாதம் இருக்கிறது. குழம்பைச் சுட வைத்துக்கொள். உன் அம்மா செம்பூரிலிருந்து பதினொரு மணிக்கு வருகிறார். வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊர் சுற்றப் போய்விடாதே.

நேற்று என் ரிமோட் ரேஸ் காருக்குச் சோப்புப் போட்டு அலம்பி வைத்தாயே, அதன் மோட்டாருக்குள் தண்ணீர் புகுந்து, அச்சு சுழல உதவும் பேரிங்கில் இருந்த எண்ணெயெல்லாம் போய்விட்டது. காலையில் கையால் சுழற்றினால் கரகரவென்று சிக்குகிறது. கழற்றித் துடைத்து, புதிதாக எண்ணெய் விட்டும் பயனில்லை. ஒரு மணிக்கு ரேஸ் ஃபைனல். போன மாதம் நான் தோற்கடித்த ஷ்ருதியிடமே ஒரு பேரிங் கேட்டு வாங்க விக்ரோலிக்கு ஓடுகிறேன்.

"அழுக்கா இருந்தது, அலம்பினேன். பொம்மை கார்தானே?" என்றாய்.

போன ஞாயிறு பக்கத்தில் நின்று, "இதுல தண்ணி படக் கூடாதா?" என்று கேட்டது நீதான். "பட்டா பேரிங் போயிடும்" என்று சொன்னது நான். அப்புறம் எப்படித் தெரியாமல் போகும்? வந்ததும் இதற்கு மட்டும் பதில் வேண்டும்.

மானசா

பி.கு.: நான் கோவிலுக்குப் போயிருப்பதாக உன் அம்மாவிடம் அளக்காதே. ரேஸுக்கு என்று சொல். ஏன் சாப்பிடாமல் ஓடினாள் என்று கேட்டால், அதையும் நீயே சொல்.