பின்னால் நடக்கத் தெரிந்தவள்

செப்டம்பர் 9, செவ்வாய்

கடையில் இன்று பதினொரு கண்ணாடிக்கு லென்ஸ் வெட்டிப் பொருத்தினேன். ஒரு பெரியவர், மூக்கில் அழுத்துகிறது என்று நாலாவது தடவையாக வந்தார். கண்ணாடியில் ஒரு கோளாறும் இல்லை. வீட்டில் பேச ஆளில்லை, அவ்வளவுதான். நானும் நாலாவது தடவையாக வளைத்துக் கொடுத்தேன்.

எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை. வரும் வழியில், செருப்பு தைக்கும் கடைக்கு மேலே மாடி ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே பாட்டு. கால் அப்படியே நின்றுவிட்டது. பேர் ஒட்டாத கேசட்! அப்பா பழைய டேப் ரெக்கார்டர் வாங்கியபோது உள்ளேயே கிடந்த கேசட். வார்த்தையே கிடையாது. ஆர்மோனியம் மூச்சு முட்டி அழுவது போல ஒரு வாத்தியம், அதை அதட்டிக்கொண்டு ஒரு பியானோ. அதே பாட்டுதான் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அதே நடை. என் பஸ் எனக்கு முன்னாலேயே போனது, நான் கைகூடக் காட்டவில்லை.

கடைக்காரரிடம் கேட்டேன். வாயில் ஆணியை வைத்துக்கொண்டே சொன்னார்: "டாங்கோ."

நாற்பது வருஷம் கழித்து, வெளிநாட்டுக்கு வந்து பேர் தெரிந்திருக்கிறது. அக்காவிடம் சொல்லலாம் என்று ஃபோனை எடுத்தேன். எடுத்த பிறகுதான் உறைத்தது, நாங்கள் பேசி மூன்று வருஷம் ஆகிறது.

செப்டம்பர் 11, வியாழன்

அம்மா கடைக்குப் போனால் அரைமணி நேரம் வீடு எங்கள் கையில். அந்தக் கேசட்டைப் போட்டுவிட்டுக் கட்டிலைச் சுவரோரம் தள்ளுவோம், ஜோடியாக ஆட. அக்கா அப்பாவின் சட்டையை மாட்டிக்கொள்வாள். என்னைவிட ஒரு சாண் உயரம், ஆகவே அவள்தான் எப்போதும் ஆம்பளை. ஒரே ஒரு நாள் நான் இருக்கிறேனே என்று கெஞ்சினால், "உனக்கு வழி தெரியாதுடி" என்பாள்.

கட்டிலிலிருந்து பீரோவுக்கு எட்டுக் காலடி. அவள் முன்னால் வருவாள், நான் பின்னால் போக வேண்டும். "கண்ண மூடிட்டு வா. நான் பாத்துக்கறேன்." ஒவ்வொரு தடவையும் என் குதிகால் பீரோவில் போய் 'டங்' என்று இடிக்கும். அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். அடுத்த தடவையும் நான் நம்பிக் கண்ணை மூடுவேன். எனக்கு ஒன்பது, அவளுக்குப் பதின்மூன்று. நம்பாமல் என்ன செய்வது?

அக்கா இன்னும் அந்த வீட்டில்தான், பீரோவின் அடியில் இன்னும் அந்த நசுங்கல் இருக்கிறது. நானே போட்டது.

செப்டம்பர் 14, ஞாயிறு

வகுப்பு தேடுகிறேன். ஆம், தேடுகிறேன். ஐம்பத்தொரு வயதில்.

செருப்புக் கடை மாடியில் இருப்பவர்கள் பத்து வருஷமாக ஆடுகிறவர்களாம், என்னைப் பார்த்து மரியாதையாகக் கதவைச் சாத்தினார்கள். ஃபோனில் தேடியதில் ஒரு இடம் "ஜோடியாக மட்டும்" என்றது. இன்னொன்று செவ்வாய் காலை பத்து மணிக்கு. செவ்வாய் காலை பத்துக்கு டாங்கோ ஆடுகிறவர்கள் யார், அவர்களுக்கு வேலை வெட்டி கிடையாதா?

வீட்டுக்காரரைக் கேட்டுப் பார்த்தேன். லிஃப்ட் மெக்கானிக். கையில் கிரீஸ், வாயில் நக்கல். "மேல ஏறணும் கீழ இறங்கணும்னா சொல்லு, வரேன். சுத்துறதுக்கெல்லாம் வேற ஆளப் பாரு."

பார்க்கிறேன், பார்க்கிறேன்.

செப்டம்பர் 17, புதன்

செருப்புக் கடைக்காரரே ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்திருந்தார். பழைய தபால் நிலையத்தின் பின்பக்க ஹால். சனிக்கிழமை மூன்று மணி. புதிதாகக் கற்பவர்கள், தனியாகவும் வரலாம். இந்த மனிதர் நன்றாக இருக்க வேண்டும்.

செப்டம்பர் 20, சனி

மானம் போயிற்று.

ஹால் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். பழக்கம்! ஆடும் இடத்தில் யார் செருப்போடு நுழைவார்கள்? உள்ளே பன்னிரண்டு பேர், இருபத்துநான்கு ஷூ, நடுவில் என் வெறுங்கால். வாத்தியாரம்மா (எழுபது இருக்கும், முன்பு தபால் நிலையத்திலேயே கவுண்டரில் இருந்தவராம்) என் கால்விரல்களைப் பரிதாபமாகப் பார்த்து, "இவை உனக்கு இன்னும் தேவைப்படும்" என்றார். ஓடிப்போய் மாட்டிக்கொண்டு வந்தேன்.

இரண்டு மணி நேரம் நடந்தோம். ஆட்டமே இல்லை, வெறும் நடை. என் ஜோடி ஒரு பேக்கரிக்காரர், காது மடலில் மாவு. நான் இரண்டு தடவை அவர் காலை மிதித்தேன், தரை சரியில்லை என்றேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

ஆனால் ஒன்று. பின்னால் நடக்கச் சொன்னபோது எல்லாப் பெண்களும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். நான் பார்க்கவில்லை. "உனக்கு இது யார் சொல்லிக்கொடுத்தது?" என்று வாத்தியாரம்மா கேட்டார். அக்கா என்றேன். சொல்லிவிட்டு, தண்ணீர் குடிப்பதுபோல் வெளியே வந்துவிட்டேன்.

அக்டோபர் 4, சனி

நடை.

அக்டோபர் 11, சனி

இன்னும் நடை. முட்டி வலி. வீட்டுக்காரர் தைலம் தேய்த்துவிட்டார். தேய்க்கும்போது சிரிக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டேன், குனிந்திருந்த அவர் முதுகு குலுங்கியது.

அக்டோபர் 18, சனி

வகுப்புக்குப் பிறகு ஒரு மணி நேரம் பழகிக்கொள்ள விடுகிறார்கள். இங்கே வந்து கையை நீட்டிக் கூப்பிடுகிற வழக்கம் கிடையாது. தூரத்திலிருந்தே பார்ப்பார்கள், லேசாகத் தலையசைப்பார்கள். இஷ்டமிருந்தால் நாமும் தலையசைக்க வேண்டும், அவ்வளவுதான்.

பேக்கரிக்காரர் பார்த்தார், அசைத்தார். நானும் அசைத்தேன். அவர் முகம் வாடி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அடுத்து ஒரு நெட்டை, அதேதான். அப்புறம் இன்னொருவர். ஒரு மணி நேரம் நாற்காலியைத் தேய்த்தேன். கிளம்பும்போது வாத்தியாரம்மா வந்து, "ஏனம்மா எல்லாரையும் மறுக்கிறாய்?" என்றார்.

நானா? நான் எல்லாருக்கும் சரி என்றுதானே தலையாட்டினேன்! ஆட்டிக் காட்டினேன். அவர் சிரித்த சிரிப்பில் கண்ணாடி கழன்று கீழே விழுந்தது. நம் ஊர்த் தலையாட்டல், இப்படியும் அப்படியும் சாய்த்து, இவர்களுக்கு 'வேண்டாம்' என்று படுகிறதாம். மேலும் கீழும், மேலும் கீழும் என்று என் தாடையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தார். நான் அவர் கண்ணாடியின் திருகை நகத்தால் முடுக்கிக் கொடுத்தேன்.

இதைச் சொன்னால் அக்கா எப்படிச் சிரிப்பாள்! 'டங்' சிரிப்பு.

அக்டோபர் 26, ஞாயிறு

எழுதிவிடுகிறேன், ஒரே தடவை.

அப்பாவுக்குக் காய்ச்சல் என்றதும் கிளம்புகிறேன் என்றேன். அக்கா ஃபோனில், "சாதா காய்ச்சல்தான். நீ வராத. லீவ வீணாக்காத. நான் பாத்துக்கறேன்" என்றாள். நான் போகவில்லை. ஒன்பதாம் நாள் அப்பா போய்விட்டார். எல்லாம் முடிந்த பிறகு பெட்டியோடு வாசலில் நிற்கிறேன். அக்கா உள்ளே வா என்றுகூடச் சொல்லவில்லை. "வராதேன்னா வராமலே இருந்துடுவியா?"

நீதானே சொன்ன? நீதானே சொன்ன! பொறந்ததுல இருந்து நீ சொன்னதத்தானே செஞ்சேன். இந்தப் பாடத்த எடு, இவரக் கட்டிக்கோ, வெளிநாடு போ. எதுக்காவது மாட்டேன்னேனா? அப்புறம் என்மேல என்ன கோபம்?

இதை அவள் முகத்துக்கு நேரே கத்தியும்விட்டேன், சொந்தக்காரர்கள் முன்னால். அன்றோடு சரி. அவள் மகள்தான் இப்போது எங்களுக்குத் தபால்காரி.

நவம்பர் 8, சனி

இன்று வாத்தியாரம்மாவே ஆண் பக்கம் நின்று என்னை நடத்தினார். நான்கு அடியில் நிறுத்திவிட்டார். கையால் முதுகைத் தள்ளினார், போனேன். "ஏன் போனாய்?" தள்ளினீர்களே என்றேன். "கை தள்ளியது. நான் கிளம்பினேனா? என் எடை இன்னும் பின்காலில் இருந்தது. கை அவசரத்தில் எதையாவது சொல்லும். ஆள் எங்கே இருக்கிறார் என்று கவனி."

எனக்குக் கோபம். சொன்னதைச் செய்தாலும் தப்பா? வீடு வரை முணுமுணுத்துக்கொண்டே வந்தேன்.

நவம்பர் 19, புதன்

அக்கா மகள் கூப்பிட்டாள். அக்காவுக்கு முட்டி மாற்று ஆபரேஷன், இருபத்தெட்டாம் தேதி.

"சித்தி, உங்ககிட்ட சொல்லவே கூடாதுன்னாங்க."

"அப்ப ஏன் சொல்ற?"

"மீறிச் சொன்னா, வர வேண்டாம்னும் சேர்த்து சொல்லிடுன்னாங்க."

ஃபோனை வைத்துவிட்டு வேலைக்குத் திரும்பினேன். ஒரு லென்ஸை இடது வலது மாற்றி வெட்டிவிட்டேன். இருபது வருஷத்தில் இரண்டாவது தடவை. முதல் தடவை, அப்பா இறந்த வாரம்.

நவம்பர் 20, வியாழன்

வர வேண்டாம் என்கிறாள். மீறிப் போய், வாசலிலேயே நிறுத்திவிட்டால்? போகாமல் இருந்து, அப்பா மாதிரி ஏதாவது...

வீட்டுக்காரரிடம் கேட்டேன். சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டே, "பட்டன அமுக்கினா வரும், அமுக்கலேன்னா வராது. அது லிஃப்ட்டு. நீ என்ன லிஃப்ட்டா?" என்றார். இந்த மனிதர் நக்கலாகத்தான் பேசினாரா என்று இன்னும் தெரியவில்லை.

நவம்பர் 22, சனி

வகுப்பில் பேக்கரிக்காரரோடு நடந்துகொண்டிருந்தேன். அவர் கை தள்ளியது, எடை பின்காலிலேயே இருந்தது. நடுவில் நின்றுவிட்டேன். அப்பாவுக்குக் காய்ச்சல் என்ற அன்றைக்கு ஃபோனில் அக்காவின் குரல் எப்படி இருந்தது? வார்த்தை எல்லாம் நினைவிருக்கிறது, குரல்? உடைந்திருந்தது. 'நான் பாத்துக்கறேன்' என்று சொல்லும்போது உடைந்திருந்தது. எனக்கு அது கேட்கத்தான் கேட்டது. கேட்டும், வராதே என்ற சொல் வசதியாக இருந்ததால் அதைப் பிடித்துக்கொண்டேன். கடையில் ஆள் குறைவு, லீவ் கேட்கத் தயக்கம். ஆமாம். அதுதான் நிஜம். மூன்று வருஷமாக அவள்மேல் பழி போட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன்.

பேக்கரிக்காரரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பாதியில் கிளம்பினேன். வாத்தியாரம்மாவிடம் ஊருக்குப் போகிறேன் என்றேன். மேலும் கீழும் தலையாட்டினார்.

நவம்பர் 24, திங்கள்

டிக்கெட் போட்டாயிற்று. ஆபரேஷன் அன்றைக்கு டிக்கெட் இல்லை, மூன்று நாள் கழித்துத்தான். அக்கா மகளிடம் மட்டும் சொன்னேன்.

டிசம்பர் 2, செவ்வாய்

அதே வீடு, அதே அறை. அக்கா கட்டிலில் சாய்ந்திருந்தாள். முடி முழுக்க நரைத்துவிட்டது, யாரும் எனக்குச் சொல்லவில்லை. என்னைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள்.

"வராதேன்னுதானே சொன்னேன்."

"சொன்ன."

"அப்புறம்?"

"வந்துட்டேன்."

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு, "பெட்டிய நடுவுல வைக்காத, கால் தடுக்கும்" என்றாள். ஓரமாக வைத்துவிட்டுச் சமையலறையில் போய் அழுதேன்.

டிசம்பர் 5, வெள்ளி

உடற்பயிற்சி சொல்லித்தரும் பெண் தினமும் வருகிறாள். பிடித்து நடக்கும் ஸ்டாண்டை வைத்து எட்டு அடி நடக்கச் சொல்கிறாள். அக்கா இரண்டு அடியில் நின்றுவிடுகிறாள். வலி இல்லையாம், பயமாம். அக்காவுக்குப் பயம்! அந்தச் சொல்லை அவள் வாயில் கேட்டதே இல்லை.

டிசம்பர் 8, திங்கள்

இன்றும் இரண்டு அடிதான். அந்தப் பெண் அலுத்துப்போய் உட்கார்ந்தாள். நான் ஸ்டாண்டைத் தள்ளி வைத்துவிட்டு அக்காவுக்கு முன்னால் நின்றேன். அவள் வலது கையை எடுத்து என் முதுகில் வைத்தேன். இடது கையைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னடி பண்ற?"

"அந்தக் கேசட்டுக்குப் பேர் கண்டுபிடிச்சேன். டாங்கோ. கத்துக்கறேன்."

"நீயா?"

"இன்னும் நடைதான். நீ முன்னால வா. நான் போறேன்."

அந்தப் பெண் எழுந்து அக்காவின் பக்கத்தில் வந்து நின்றாள். நான் காலை எடுக்கவில்லை. காத்திருந்தேன். அக்காவின் எடை நல்ல காலிலிருந்து புதுக் காலுக்கு, மெதுவாக, மெதுவாக மாறியது. வந்த பிறகுதான் என் காலைப் பின்னால் எடுத்தேன். ஒன்று. இரண்டு. மூன்று. அவள் மூச்சு என் காதில். நாலு, அஞ்சு. நான் கண்ணை மூடிக்கொண்டேன், இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது. ஆறு. ஏழு. குதிகாலைத் தயாராக வைத்துக்கொண்டேன்.

"நில்லு," என்றாள் அக்கா. "பீரோ."

ஆயுசிலேயே முதல் தடவை, முன்கூட்டியே சொல்கிறாள்.

அப்படியே நின்றோம். அவள் கை என் முதுகிலேயே இருந்தது. "அன்னிக்கு நான் அப்படி சொல்லியிருக்கக் கூடாது," என்றாள். நான், "நான் வந்திருக்கணும்," என்றேன். பயிற்சிப் பெண் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கட்டிலில் உட்கார வைத்த பிறகு, போர்வையை இழுத்துக்கொண்டே கேட்டாள். "நாளைக்கும் இருப்ப இல்ல?"

தலையாட்டினேன். இப்படியும் அப்படியும் சாய்த்து, நம் ஊர் வழக்கப்படி.

அவள் மறுபடியும் கேட்கவில்லை.